பிக் அப் என்று சொல்வதா, வேறு சொல் போடுவதா?

நீலகிரியில் கோடை சீசன் தொடங்கிய வாரம். கட்டபெட்டுப் பக்கம் டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருவர் வகுப்புக்கு வந்ததும் வராததுமாகத் தன் போனை என்னிடம் நீட்டினார். "அக்கா, இதை நான் புரிஞ்சுக்கிட்டது சரிதானான்னு பாருங்க."

ஒரு வெளிநாட்டுத் தம்பதி அனுப்பிய செய்தி. நாலே வரி. நாலிலும் பிக் அப். குன்னூர் ஸ்டேஷனில் எங்களை பிக் அப் செய்ய முடியுமா? வழியில் கொஞ்சம் டீ பிக் அப் செய்ய வேண்டும். மனைவி வரும் வழியில் ஒரு ஜலதோஷத்தை பிக் அப் செய்துவிட்டாள். நாளைக்குள் வெதர் பிக் அப் ஆகும் என்று நம்புகிறோம்.

முதல் வரி அவருக்குச் சரியாகவே புரிந்திருந்தது. தினமும் செய்யும் வேலை அது. இரண்டாவதில் சறுக்கிவிட்டார். டீயை பிக் செய்வது என்றால் கொழுந்து பறிப்பதுதானே என்று, மாமா தோட்டத்தில் பேசி இரண்டு கூடையும் எடுத்து வைத்தாயிற்று. அவர்களுக்கு வேண்டியதோ அரைக் கிலோ டீத்தூள். மூன்றாவது வரியைப் புரியாமல் தாண்டிப் போய்விட்டார். நாலாவதை "நாளைக்கு மழை கூடும்" என்று எடுத்துக்கொண்டு, தொட்டபெட்டா சிகரத்தைத் திட்டத்திலிருந்து தூக்கிவிட்டார். அதற்கு முந்தின வாரம்தான் இன்னொரு விருந்தாளி பின் சீட்டிலிருந்து "த ரெயின் இஸ் பிக்கிங் அப்" என்று சொல்லி, உடனே மழை கொட்டியதாம். அவர் கணக்கு தப்பில்லை. அந்தச் சொல்தான் அப்படி.

நான் கோத்தகிரியில் வாரம் இரண்டு மாலை பேச்சு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். வருகிறவர்கள் டிரைவர்கள், ஹோம்ஸ்டேயில் வேலை பார்ப்பவர்கள், தேயிலை ஃபேக்டரி ஆபீசில் இருக்கும் ஒரு பெண், பிளஸ் டூ முடித்த இரண்டு பிள்ளைகள். அன்றைக்கு வகுப்பு முழுக்க இந்த நாலு வரியிலேயே போயிற்று. கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நின்றோம்: இப்படிப் பல பொருள் சுமக்கும் சொல்லை எப்படிச் சமாளிப்பது? அகராதியில் இருக்கும் அத்தனை பொருளையும் மனப்பாடம் செய்வதா? பிக் அப்பையே ஒதுக்கிவிட்டு கலெக்ட், லேர்ன், பை, இம்ப்ரூவ் என்று ஒற்றைச் சொற்களால் ஒப்பேற்றுவதா? இல்லை, மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறதா?

மனப்பாட வழியைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். நல்ல அகராதி எதை எடுத்தாலும் பிக் அப்புக்கு ஒரு டஜனுக்கு மேல் பொருள் இருக்கும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அது ஒரு வாரம் கைகொடுக்கும். வண்டியை வளைவில் திருப்பிக்கொண்டே பின் சீட்டுப் பேச்சைக் கேட்கிறவருக்குக் கைகொடுக்காது. ஒன்றாம் பொருள், ஏழாம் பொருள் என்று மனசு எண்ணிக்கொண்டிருக்கும்போதே பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் வந்ததில்லை. 1755-இல் சாமுவேல் ஜான்சன் தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு ஒரு சின்னச் சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் பிற நாட்டாருக்கு ஆகப் பெரிய சிரமம் என்று எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகள் இதில் தடுமாறினால் அவர்களை மட்டம் தட்ட வேண்டாம் என்று பெற்றோரிடம் நான் சொல்வது இதனால்தான்.

ஒற்றைச் சொல் வழிக்கு ஆதரவு அதிகம். எனக்கும் முதலில் அதுதான் சரியென்று பட்டது. நம் பள்ளிக்கூட ஆங்கிலம் முழுக்க அந்த வகைச் சொற்கள்தான். கலெக்ட், அக்வயர், ரிகவர், இம்ப்ரூவ், பர்ச்சேஸ் எல்லாம் நமக்கு முன்பே பழக்கம். ஆனால் அவற்றுக்கு ஒரு எடை உண்டு. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் அங்கே வந்து சேர்ந்தன. படித்தவர்கள் வழியாக லத்தீன் சொற்களும் குவிந்தன. அரண்மனை, கோர்ட், சர்ச் வழியாக வந்த சொற்களுக்கு இன்றும் கொஞ்சம் சட்டை இஸ்திரி போட்ட தோரணை இருக்கிறது. அடுப்படிப் பேச்சு சின்னச் சின்ன உள்ளூர்ச் சொற்களிலேயே நடந்தது. நம்மிடமும் இது உண்டே. கடையில் அரிசி "வாங்கினேன்" என்போம். அரசாங்கம்தான் நெல்லைக் "கொள்முதல் செய்யும்". "வழியில் கொஞ்சம் டீத்தூள் கொள்முதல் செய்துகொள்ளலாம்" என்று ஒரு டிரைவர் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? "லெட் அஸ் பர்ச்சேஸ் ஸம் டீ" அவர்கள் காதில் அப்படித்தான் விழும். தப்பில்லை, புரியும். ஆனால் பேசுகிறவர் ஒரு மேஜைக்குப் பின்னால் நிற்பது போல இருக்கும்.

அதைவிடப் பெரிய குறை, இந்த வழி நம் வாய்க்கு மட்டும்தான் உதவும். எதிரில் இருப்பவர் பிக் அப் என்று சொன்னால் நாம் என்ன செய்வது? தம்பி மாட்டிக்கொண்டதே அங்கேதான்.

மூன்றாவது வழி வகுப்பில் தானாகவே வந்தது. ஃபேக்டரியில் வேலை பார்க்கும் பெண் கேட்டாள்: "அக்கா, நம்ம 'பிடி'யும் இப்படித்தானே?" கரும்பலகையில் எழுதிப் பார்த்தோம். சளி பிடித்தது. வண்டி வேகம் பிடித்தது. டவர் பிடிக்கவில்லை. துணியில் வாடை பிடித்தது. வியாபாரம் சூடு பிடித்தது. போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. இந்த ஆறு வாக்கியத்திலும் ஆங்கிலத்தில் பிக் அப் போடலாம். பக்கத்திலேயே "எடு" என்று எழுதினேன். போனை எடு. கீழே விழுந்ததை எடு. விட்ட இடத்திலிருந்து எடு. இவையும் பிக் அப்தான்.

தமிழில் "பிடி" என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் என்று நாம் யாரும் எண்ணிப் படித்ததில்லை. கூட வரும் சொல்லைப் பார்க்கிறோம்: சளியா, பஸ்ஸா, டவரா? அதை வைத்தே பொருள் விழுகிறது. பிக் அப்பையும் அப்படியே பிடித்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கட்சி. எதை பிக் அப் செய்கிறார்கள் என்று பார், அதற்கு நாம் தமிழில் என்ன வினை போடுவோம் என்று யோசி, முடிந்தது. கேட்டுப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, கேட்பதற்கு அது போதும். நாமே பேசும்போது, எழுதும்போது எந்த இடத்தில் பிக் அப், எந்த இடத்தில் மாற்றுச் சொல்? இங்கே இடத்துக்கு இடம் தீர்ப்பு மாறுகிறது.

ஸ்டேஷனை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் டிரைவர்களுக்கு இதுதான் சோறு போடும் வாக்கியம். மேட்டுப்பாளையத்தில் காலையில் கிளம்பும் மலை ரயில் குன்னூர் வந்துசேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் மாட்டுவார்கள். அந்த இடைவேளையில் பிளாட்பாரம் முழுக்க ஜனம் இறங்கி நிற்கும். அங்கே ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்துக் கூட்டிவர வேண்டும். அதற்கு முன்னால் அவர்களுக்கு அனுப்பும் செய்தியில் எந்தச் சொல்?

"ஐ வில் ரிசீவ் யூ" என்று நம் ஊரில் நிறையப் பேர் எழுதுகிறார்கள். வரவேற்கிறேன் என்பதுதான் அதன் முதல் பொருள். மாலையோடு நிற்பார் என்று தெரிகிறது, வண்டி வருமா என்று தெரிவதில்லை. "ஐ வில் கலெக்ட் யூ" சரியான ஆங்கிலம்தான். பிரிட்டன்காரர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து குழந்தையைக் கூட்டிவருவதற்கும் இதைச் சொல்வதுண்டு. ஆனால் அமெரிக்கர் காதுக்குக் கொஞ்சம் அந்நியமாக இருக்கும், பார்சல் வாங்கப்போகிற மாதிரி. "ஃபெட்ச்" போய்க் கொண்டுவருவது. ஆளுக்குச் சொன்னால் யாரோ ஏவி அனுப்பிய மாதிரி ஒலிக்கும். "ஐ வில் கிவ் யூ எ லிஃப்ட்" வேண்டவே வேண்டாம். லிஃப்ட் என்றால் பெரும்பாலும் போகிற வழியில் காசில்லாமல் ஏற்றிப்போவது. இறங்கும்போது வாடகை கேட்டால் அவர்கள் முழிப்பார்கள், நமக்கும் மனக்கசப்பு. "ஐ வில் லிஃப்ட் யூ" என்றால் இடுப்பைப் பிடித்துத் தூக்குவது.

இங்கே பிக் அப்புக்கு நிகர் இல்லை. ஒரே நிபந்தனை, நேரமும் இடமும் கூடவே வர வேண்டும். "ஐ வில் பிக் யூ அப் அட் குன்னூர் ஸ்டேஷன் அட் டென் தர்ட்டி." காரணம் இருக்கிறது. பழக்கமில்லாத ஒருவரை வலியப் போய் நெருங்கிப் பழகுவதற்கும் ஆங்கிலத்தில் பிக் அப் என்று சொல்வார்கள். தனியாக வரும் பெண்ணுக்கு, இடமும் நேரமும் இல்லாமல் மொட்டையாக அனுப்பினால் சங்கடமாகப் போய்விடலாம். ஸ்டேஷனும் பத்தரையும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பொருள் கிட்டவே வராது.

இன்னொன்று. "பிக் அப் யூ" என்று எழுதக்கூடாது. யூ, ஹிம், தெம், இட் மாதிரிச் சின்னச் சொற்கள் நடுவில்தான் உட்கார வேண்டும்: பிக் யூ அப், பிக் தெம் அப். பெயர்ச்சொல் என்றால் எங்கே வேண்டுமானாலும் வரலாம். பிக் அப் த பேக், பிக் த பேக் அப் இரண்டும் சரி. சின்னப் பிள்ளையை முன் சீட்டில் நமக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார வைப்போமே, அது மாதிரி என்று சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தத் தப்பு வகுப்பில் வரவில்லை.

அடுத்தது வானிலை. இதில் கவனம் தவறினால் திட்டமே தலைகீழாகிவிடும், தம்பிக்கு ஆன மாதிரி. வெதர் பிக் அப் ஆனால் நல்லது: மேகம் விலகும், வெயில் வரும். ரெயின் பிக் அப் ஆனால் கெட்டது: மழை வலுக்கும். விண்ட் பிக் அப் ஆனாலும் அப்படித்தான். அடிப்படையில் கீழே கிடந்தது மேலே எழும்புவதுதான் எல்லாம். வெதர் என்பது ஒரு நிலைமை. நிலைமை எழுந்தால் தேறும். மழையும் காற்றும் அளவு. அளவு எழுந்தால் கூடும். "உடம்பு தேறியது" என்போம், "காய்ச்சல் தேறியது" என்று சொல்லமாட்டோமே, அந்த வித்தியாசம்தான். பேசும்போது இங்கே நான் ஒற்றைச் சொல் பக்கம். "த வெதர் வில் இம்ப்ரூவ்", "த ரெயின் இஸ் கெட்டிங் ஹெவியர்." கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, இருபொருள் சொல்லுக்கு இடம் கொடுக்கவே கூடாது. திரும்பிவிடலாமா, போகலாமா என்பதை அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அவர்கள் முடிவு செய்வார்கள்.

தேயிலைக்கு வருகிறேன். நீலகிரியில் இதற்கு மட்டும் மூன்று தனி வழக்கு. கொழுந்து பறிப்பதற்கு ஆங்கிலத்தில் பிக் என்றும் சொல்வார்கள், ஆனால் நம் தோட்டங்களில் காலங்காலமாக புளக்கிங்தான். விருந்தாளியிடமும் புளக் என்றே சொல்லுங்கள், பிக்கும் பிக் அப்பும் ஒன்றோடொன்று குழம்பாது. வாங்குவதற்கு பை என்ற சின்னச் சொல் போதும். போகிற வழியில், பெரிதாகத் திட்டம் போடாமல் வாங்கிக்கொள்வது என்ற தொனி வேண்டுமானால் மட்டும் பிக் அப். "ஷல் வி பிக் அப் ஸம் டீ ஆன் த வே?" என்று டிரைவர் கேட்டால் நட்பாக இருக்கும். பில்லில் பர்ச்சேஸ் இருக்கட்டும்.

மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. தேயிலை பக்கத்தில் இருக்கும் வாடையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். ஃபேக்டரியில் இது தெரியாதவர்கள் கிடையாது. எங்கள் ஊர்க் கடைகளில் டீத்தூளும் யூகலிப்டஸ் தைலமும் ஒரே அலமாரியில் விற்பார்கள். சுற்றுலா வருகிறவர்கள் இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போவார்கள். ஊருக்குப் போய்க் குடித்தால் யூகலிப்டஸ் வாசம். அவர்களிடம் சொல்ல வேண்டியது: "டீ வில் பிக் அப் த ஸ்மெல்." அப்ஸார்ப் என்றும் சொல்லலாம், பாடப்புத்தகத்தில் அதுதான் இருக்கும். ஆனால் வாடை பிடிப்பதற்கு பிக் அப் எவ்வளவு பொருத்தமாக உட்காருகிறது பாருங்கள். கடையில் நிற்கும் பெண்பிள்ளைகளிடம் இந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன்.

விலையைப் பற்றி ஃபேக்டரிப் பெண் கேட்ட கேள்வி இன்னும் நுணுக்கமானது. பச்சைத் தேயிலை விலை கொஞ்சம் ஏறினால் மெயிலில் பிக்டு அப் போடுவதா, ரிகவர்டு போடுவதா, இம்ப்ரூவ்டு போடுவதா? உதாரணத்துக்கு, 20 ரூபாய் போன பச்சைத் தேயிலை 12-க்கு இறங்கிவிட்டு 14-க்கு வருகிறது என்று வையுங்கள். அது பிக் அப். சரிந்து கிடந்தது எழ ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவே. பழைய 20-க்குத் திரும்பினால்தான் ரிகவர். 14-ஐப் பார்த்து ரிகவர்டு என்று எழுதினால், படிக்கிறவர் நஷ்டம் ஈடாகிவிட்டது என்று நினைப்பார். சிறு விவசாயி ஆறு ரூபாய் பள்ளத்தில் இன்னும் நிற்கும்போது அப்படி எழுதுவது சரியில்லை. இம்ப்ரூவ் இரண்டுக்கும் நடுவில் பொதுவாக நிற்கும், யாரையும் தப்பாக நினைக்க வைக்காது. அவளுக்கு நான் சொன்னது: ஆபீஸ் மெயிலில் இம்ப்ரூவ் போடு, பக்கத்திலேயே ரூபாயை எழுது.

மற்றதை வேகமாகத் தாண்டிவிடலாம். ஜலதோஷத்துக்கு கேட்ச் எ கோல்ட் போதும், நம் "பிடி"க்கு நேர்ச் சொல் அதுதான். எங்கே தொற்றியது என்று சொல்லும்போது மட்டும் பிக் அப் நன்றாக இருக்கும். நோய் தொற்றுவதற்கு "கான்ட்ராக்ட்" என்ற சொல், டாக்டர் ரிப்போர்ட்டில் வருவது. போனுக்கு பிக் அப் சரி, ஆன்சர் இன்னும் பாதுகாப்பு. "அட்டெண்ட் த கால்" நம் நாட்டில் ஓடும், வெளியே தயங்கும். சாப்பாட்டுக் கடையில் விருந்தாளி "ஐ வில் பிக் அப் த பில்" என்றால், பில் காகிதத்தை எடுத்துவருவதாக அர்த்தமில்லை. எல்லாருக்கும் அவரே காசு கொடுக்கிறார். பர்ஸை எடுத்து மல்லுக்கு நிற்காமல் தேங்க் யூ சொல்லலாம்.

வண்டிக்கு "பிக்கப் இல்லை" என்று நாம் சொல்வது ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். ஆனாலும் வெளிநாட்டாரிடம் "நோ பிக்கப்" என்றால், கூட்டிப்போக வண்டி வராது என்றே எடுத்துக்கொள்வார்கள். மேட்டில் வண்டி திணறும்போது "இட் இஸ் ஸ்லோ அப்ஹில்" போதும்.

மொழி கற்பதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. இந்த மலையில் படுகரும் தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் தத்தம் மொழியைப் பேசுகிறார்கள். கூடலூர்ப் பக்கம் போனால் மலையாளம், முதுமலையைத் தாண்டினால் கன்னடம். யாரும் வகுப்புக்குப் போய் இவற்றைக் கற்கவில்லை. சந்தையில், பஸ்ஸில், கொழுந்து எடை போடும் இடத்தில் காதில் விழுந்து நாக்கில் ஏறியவை. பிக் அப் என்ற சொல் இந்தக் கற்றலுக்கென்றே பிறந்தது போல இருக்கிறது. லேர்ன் என்றால் உட்கார்ந்து கற்றது. ஸ்டடி என்றால் படித்தது. அக்வயர் என்றால் கட்டுரைக்காரர்கள் எழுதுவது. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது லேர்ன் போடுங்கள், உழைத்துக் கற்றதாகத் தெரிய வேண்டும். நேரில் பேசும்போது "ஐ பிக்டு அப் மலையாளம் ஃப்ரம் மை பாஸெஞ்சர்ஸ்" என்று ஒரு டிரைவர் சொன்னால், அந்த ஒரு வரியில் அவருடைய இத்தனை வருஷத்து ஓட்டமும் வந்துவிடுகிறது. அதை லேர்ன் என்று மாற்றச் சொல்ல எனக்கு மனசு வராது.

ஆக, என் வகுப்பில் பேச்சுக்கும் போனில் அனுப்பும் செய்திக்கும் நாலு இடத்தில் மட்டும் பிக் அப்பைத் தைரியமாகச் சொல்லச் சொல்கிறேன்: ஆளைக் கூட்டிவர, வழியில் பொருள் வாங்க, காதால் மொழி கற்க, வாடை பிடிக்க. ஆபீஸ் மெயில், விண்ணப்பம் மாதிரி எழுத்துக்கு ஒற்றைச் சொல். கேட்பதற்கு எல்லாமே, "பிடி"யையும் "எடு"வையும் கையில் வைத்துக்கொண்டு.

தம்பி அன்றிரவே அந்தத் தம்பதிக்குப் பதில் எழுதினார். ஸ்டேஷன், பத்தரை, பிக் யூ அப் எல்லாம் சரியாக இருந்தது. கூடைகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசி வரியாக, டீத்தூள் வாங்கிய பிறகு நேரம் இருந்தால் எங்கள் மாமா தோட்டத்தில் கொஞ்சம் புளக்கும் செய்து பார்க்கலாம் என்று சேர்த்திருந்தார்.